மலைத்துளியும் மாகடற் பேருயிரும்

நுவரெலியாவிற் பெய்யும் மழை எங்கே போய்ச் சேருகின்றது? மலைநாட்டுப் பாடசாலைகளிற் புவியியல் கற்கும் சிறுவரும் இவ்வினாவுக்கு விடை கூறுவர். கிரகரி வாவியை நிரப்பி வழியும் நீர் நானு ஓயாவாய் இறங்குகின்றது. அக்கரப்பத்தனை மலைகளிலிருந்து வரும் நீரோடு கூடிக் கொத்மலை ஓயாவாகின்றது. பின்னர் மகாவலி கங்கையிற் கலந்துவிடுகின்றது. ஹற்றன் மேட்டில் ஊறும் ஓயாவும் அம்மகாவலிக்கே உரியது. 335 கிலோமீற்றர் நீளமுடைய அக்கங்கை, இலங்கையின் ஆறுகளுள் மிக நீண்டதெனப் பெயர் பெற்றுத் திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவிற் கடலை அடைகின்றது. பாடநூலின் விடை இவ்வளவில் முடிந்துவிடும். ஆனால் ஆறு முடியுமிடத்தில் வேறொரு வரலாறு தொடங்குகின்றது.

கொட்டியாரக் குடாவை அடுத்துக் கடலடி நிலம் மெல்லச் சரிந்து செல்வதில்லை. கரைக்கு மிக அண்மையிலேயே அது பெரும் பள்ளத்தாக்காய்ப் பிளந்து ஆழ்கடலை நோக்கி இறங்குகின்றது. நீருக்கு மேலே மலைநாட்டுக்குப் பள்ளத்தாக்குகள் இருப்பதுபோல நீருக்குக் கீழேயும் ஒரு பள்ளத்தாக்கு உண்டென்று எண்ணிக்கொள்ளலாம். ஆழத்திலிருந்து மேலெழும் குளிர்நீரும், ஆறுகள் அடித்து வரும் சத்துப்பொருள்களும் கடலின் மேற்பரப்பிலே கண்ணுக்குத் தெரியாத நுண்தாவரங்களை வளர்க்கின்றன. அவற்றை உண்டு சின்னஞ்சிறு இறால் வகைகள் பெருகுகின்றன. அச்சிறு இறாலை உண்பதற்கு வருவது யாதெனின், உலகில் இதுவரை தோன்றிய உயிர்கள் அனைத்திலும் மிகப் பெரியதாகிய நீலத் திமிங்கலமேயாம். தேயிலைக் கொழுந்தை நனைத்த மழையின் ஒரு கூறு, பல நாட் பயணத்தின் பின் அப்பேருயிர் நீந்தும் நீரோடு கலக்கின்றது. மலைநாட்டாருக்கும் திமிங்கலத்துக்கும் யாதொரு தொடர்புமில்லை என்று கருதுவார் இதனைச் சற்று நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

திமிங்கலம் மீனன்று. அது நுரையீரலால் மூச்சுவிடும். குட்டி ஈன்று பாலூட்டும். அதன் குருதி வெப்பமுடையது. அண்டார்ட்டிக்கக் கடலில் வாழும் நீலத் திமிங்கலம் 30 மீற்றர் வரை வளரும். இலங்கையைச் சூழ்ந்த கடலில் வாழ்வன சற்றுச் சிறியவை. ஆயினும் அவற்றுள் வளர்ந்ததொன்றின் நிறை இருபது யானைகளின் நிறைக்குக் குறையாது. இத்துணைப் பெரிய விலங்கின் தொண்டை மிகவும் ஒடுங்கியது. ஒரு மனிதனை விழுங்குதல் அதற்கு இயலாத செயல். இச்சிறு செய்தியை மனத்திற் கொண்டு, மனிதகுலம் இவ்விலங்கைப் பற்றி ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக என்ன கூறி வந்தது என்பதைக் காண்போம்.

முதலில் அதன் பெயரை எடுத்துக்கொள்வோம். 'திமி' என்பது பெருமீனைக் குறிக்கும் பழைய வடசொல். 'கிலம்' என்பது விழுங்குவது. எனவே திமியையும் விழுங்குவது திமிங்கிலம். அதுவே மக்கள் வழக்கில் திமிங்கலம் ஆயிற்று. அத்துடனும் புலவர் அமைந்தாரல்லர். திமிங்கிலத்தையும் விழுங்கவல்லது திமிங்கிலகிலம் என்று இன்னொரு படி ஏறினர். மகாபாரதத்திலும், சுசுருதரின் மருத்துவ நூலிலும் திமியும் திமிங்கிலமும் இடம் பெற்றுள்ளன. கம்பருடைய கடல் வருணனையிலும் இப்பெயர்களைக் காணலாம். ஆக, இவ்விலங்குக்கு நம் மொழியில் வழங்கும் பெயரே ஒரு குற்றச்சாட்டு. அது விழுங்கி, அதுவே அதன் அடையாளம்.

பெயரில் அடங்கிய அச்சம் கதையாகவும் கல்லாகவும் வடிவெடுத்தது. இந்தியாவின் மத்தியப் பிரதேசத்திலே பார்குத் என்னுமிடத்தில் கிறிஸ்துவுக்கு முற்பட்ட இரண்டாம், முதலாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த பௌத்த தூபி ஒன்று இருந்தது. 1873ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கன்னிங்காம் என்பார் அதனைக் கண்டறிந்தார். அதன் கல்வேலியில் வட்ட வடிவான சிற்பமொன்று உண்டு. அதிலே பல் நிறைந்த வாயை அகலத் திறந்த பெருமீன் ஒன்று, ஆட்களோடு கூடிய படகொன்றை உள்ளிழுக்கின்றது. அதே வட்டத்தில் அப்படகு ஆபத்து நீங்கி அமைதியாக மிதப்பதும் காட்டப்பட்டுள்ளது. திமிதிமிங்கிலத்தின் வயிற்றிலிருந்து வசுகுப்தன் என்னும் வணிகன் மகாதேவன் அருளால் மீட்கப்பட்டான் என்று அருகே எழுத்துப் பொறித்துள்ளார்கள். கடல் வாணிகம் செய்தோர் எவ்வளவு அஞ்சினர், எதனை நம்பிக் கப்பலேறினர் என்பதற்கு இக்கல் சான்றாகும்.

இக்கதை ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. விவிலியத்திலே யோனா என்னும் தீர்க்கதரிசி மூன்று நாள் பெருமீனின் வயிற்றிலிருந்து மீண்டார். திருக்குர்ஆனிலும் யூனுஸ் நபியின் வரலாறாக அது விளங்குகின்றது. அரபுக் கதையிலே சிந்துபாதுவும் அவன் தோழரும் தீவென்று கருதி இறங்கி அடுப்பு மூட்டியது ஒரு பெருமீனின் முதுகிலேயாம். தமிழகத்திலே திருவிளையாடற் புராணம், நந்திதேவர் சாபத்தாற் சுறாமீனாகிக் கடலைக் கலக்க, இறைவன் வலைஞனாக வந்து வலைவீசிப் பிடித்த கதையைக் கூறுகின்றது. சங்க காலத்து நெய்தல் நில மக்கள் சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வமாக வழிபட்ட செய்தி பட்டினப்பாலையில் உள்ளது. கண்டிப் பகுதி விகாரைகளின் வாயில்களை அலங்கரிக்கும் மகர தோரணத்தையும் இங்கே நினைத்தல் பொருந்தும். யானையின் துதிக்கையும் முதலையின் வாயும் மீனின் வாலுங் கொண்ட அவ்வுருவம், கடலின் ஆற்றலைப் பற்றி மனிதன் கொண்டிருந்த அச்சமும் வியப்பும் கலந்த எண்ணத்தின் வடிவமாகும். இந்து, பௌத்த, கிறிஸ்தவ, இஸ்லாமிய மரபுகள் நான்கும் ஓரிடத்திற் சந்திக்கின்றன. கடல் விழுங்கும்; அருள் மீட்கும் என்பதே அவ்விடம்.

மலைநாட்டு மக்களின் முன்னோருக்கு இந்த அச்சம் ஏட்டுச் செய்தியாக இருக்கவில்லை. திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் முதலிய இடங்களின் வறண்ட ஊர்களிலிருந்து 1820ஆம் ஆண்டுகள் தொடங்கிக் கோப்பித் தோட்டங்களை நாடி வந்தவர்களுட் பெரும்பாலோர் அதற்கு முன் கடலைக் கண்டறியாதவர்கள். தொண்டியிலும் அம்மாபட்டினத்திலும் பாம்பனிலும் பாய்மரத் தோணியேறி மன்னாரிற் கரை சேர்ந்து, காட்டு வழியே மலையை நோக்கி நடந்தனர். 1864ஆம் ஆண்டிலே ஆதிலட்சுமி என்னும் கப்பல் மூழ்கித் தொழிலாளர் பலர் மாண்டனர். அத்துயரம் மலையக மக்களின் நினைவில் இன்றும் மறையவில்லை. அவர்களை விழுங்கியது எந்தத் திமிங்கலமும் அன்று. நெரிசலும், புயலும், மனித உயிரை மலிவாக மதித்த ஏற்பாடுமே அவர்களை விழுங்கின. ஆயினும் கடல் என்றால் விழுங்குவது என்ற எண்ணம் ஏன் இத்தனை ஆழமாக வேரூன்றிற்று என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

அச்சத்தின் கண்ணாற் பார்த்தவர்களிடையே, உள்ளதை உள்ளவாறு பார்த்தவர்களும் இருந்தனர். கிறிஸ்துவுக்கு முன் 325ஆம் ஆண்டில் மகா அலெக்சாந்தரின் கடற்படையைச் சிந்து நதி முகத்திலிருந்து பாரசீகக் குடாவுக்கு நடத்திச் சென்றவன் நியார்க்கஸ். அவனுடைய மாலுமிகள் கடலின் நடுவே நீர் பீச்சி எழுவதைக் கண்டு திகைத்துத் துடுப்பைக் கைநழுவ விட்டனர். நியார்க்கஸ் கப்பல்களைப் போருக்குப் போல அணிவகுத்து, ஆரவாரத்தோடும் எக்காள ஒலியோடும் அவற்றை நோக்கிச் செலுத்தினான். திமிங்கலங்கள் அமைதியாக நீரில் மூழ்கிவிட்டு, பின்னாற் போய் எழுந்தன. அக்கடற்கரை மக்கள் கரையொதுங்கிய திமிங்கலத்தின் எலும்புகளைக் கொண்டு வீடு கட்டி வாழ்ந்ததையும் கிரேக்கர் எழுதி வைத்தனர். படைத்தலைவன் போருக்குச் சென்றான். விலங்கோ ஒதுங்கிப் போயிற்று. இவ்வுண்மையை அன்று எவரும் பாடமாகக் கொள்ளவில்லை.

இவர்கள் எல்லோரினும் கூர்மையாக நோக்கியவர் மகாகவி காளிதாசர் எனலாம். அவருடைய இரகுவமிசத்தின் பதின்மூன்றாம் சருக்கத்திலே, இலங்கையிலிருந்து விமானமேறி அயோத்தி திரும்பும் இராமன், கீழே விரிந்து கிடக்கும் கடலைச் சீதைக்குக் காட்டுகின்றான். அப்போது அவன் சுட்டும் காட்சிகளுள் ஒன்று திமிகள் உணவு கொள்ளும் முறை. ஆற்றுமுகத்து நீரை அதிலுள்ள உயிர்களோடு சேர்த்து அகன்ற வாயினால் முகந்து, வாயை மூடிக்கொண்டு, தலையிலுள்ள துளை வழியாக நீரை மேலே வீசுகின்றன என்பது அப்பகுதியின் கருத்து. மேலே எழுவது உண்மையில் நீரன்று; வெளிவிடும் மூச்சின் ஆவியே அவ்வாறு தோன்றுகின்றது. வாயிற் கொண்ட நீரும் தலை வழியே வெளியேறுவதில்லை. பற்களின் இடத்தில் உள்ள சல்லடை போன்ற தகடுகளின் வழியே வடிந்து போகும். இவ்விரண்டையும் ஒதுக்கிவிட்டால், ஏனைய யாவும் இன்றைய விலங்கியல் நூலில் எழுதத்தக்கவை. நீரோடு சேர்த்து வாய் நிறைய முகப்பதும், சிற்றுயிரை உண்பதும், தலையில் துளை இருப்பதும் உண்மை. ஆற்றுமுகம் என்னும் சொல்லோ கொட்டியாரக் குடாவை நேரே நினைவூட்டுவது. படகை விழுங்கும் அரக்கனாக அன்றி, தன் உணவைத் தேடி உண்ணும் ஓர் உயிராகத் திமிங்கலத்தைக் காட்டிய பெருமை அக்கவிஞருக்கு உண்டு.

பின்னர் வந்த அரபு வணிகர் திமிங்கலத்தின் உடலிற் பிறக்கும் நறுமணப் பொருளைத் தேடினர். எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உண்டாகிக் கடலில் மிதந்து கரையொதுங்கும் அப்பொருள் அம்பர் எனப்படும். நம் மருத்துவர் அதனை மீனம்பர் என்றனர். நிக்கோபார்த் தீவினர் இரும்பை வாங்கிக்கொண்டு அம்பரை விற்ற செய்தி 851ஆம் ஆண்டைச் சேர்ந்த அரபு நூலில் உள்ளது. இவ்வாணிகத்திற்கு எந்த உயிரையும் கொல்ல வேண்டியிருக்கவில்லை. கடல் தானாகத் தந்ததை மனிதன் எடுத்துக்கொண்டான். இந்நிலை நெடுங்காலம் நீடித்திருந்தால் திமிங்கலத்தின் வரலாறு வேறாக இருந்திருக்கும்.

மாற்றம் மேற்கிலிருந்து வந்தது. திமிங்கலத்தின் கொழுப்பை உருக்கினால் விளக்கெரிக்கும் எண்ணெய் கிடைக்கும். எண்ணெய்த் திமிங்கலத்தின் தலையிலுள்ள மெழுகு, புகையின்றி எரியும் மெழுகுதிரிக்கு உதவும். இலண்டன் வீதிகளிலும் அமெரிக்க இல்லங்களிலும் இவ்வெளிச்சத்துக்கு விலை ஏறிற்று. வட அமெரிக்காவின் நன்ரக்கட் என்னும் சிறு தீவு திமிங்கல வேட்டையின் தலைநகராயிற்று. தேயிலையோடு வாழ்வார் அறிய வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. 1773ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் திகதி பொஸ்ரன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகள் கடலிலே கொட்டப்பட்டதும், அது அமெரிக்கச் சுதந்திரப் போருக்கு வித்திட்டதும் பலரும் அறிந்தவை. அத்தேயிலையைச் சுமந்து வந்த மூன்று கப்பல்களில் இரண்டு நன்ரக்கட் திமிங்கல வணிகக் குடும்பமொன்றிற்கு உரியவை. இலண்டனுக்குத் திமிங்கல எண்ணெயை ஏற்றிச் சென்று, திரும்பும் வழியிற் சீனத் தேயிலையை ஏற்றி வந்தன அவை. தேயிலையும் திமிங்கலமும் ஒரே கப்பலின் அறையில், ஒரே சந்தையின் சரக்குகளாக மாறிய காலம் அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க வேட்டைக் கப்பல்கள் இந்து சமுத்திரத்துக்கும் வந்தன. இலங்கையைச் சூழ்ந்த கடலும் அவற்றின் வேட்டைக்களங்களுள் ஒன்றாயிற்று. அவ்வேட்டையைப் பொருளாகக் கொண்டு ஹேர்மன் மெல்வில் என்பவர் 1851ஆம் ஆண்டில் 'மோபி டிக்' என்னும் பெருநாவலை வெளியிட்டார். திமிங்கலத்தின் ஓவியங்களையும் சிற்பங்களையும் ஆராயும் அத்தியாயத்திலே, அவற்றுள் மிகப் பழையது பம்பாயை அடுத்த எலிபெண்டாக் குகையிலுள்ள மச்சாவதாரச் சிற்பம் என்று அவர் எழுதுகின்றார். சரியோ தவறோ, அமெரிக்க நாவலாசிரியர் ஒருவர் திமிங்கலத்தின் முதல் உருவத்தைத் தேடி இந்தியக் குகைக்கு வந்தார் என்பது சுவையான செய்தி. தன் காலை இழந்த கப்பற்றலைவன் ஒருவன் வெண்டிமிங்கலம் ஒன்றின்மீது கொண்ட பகையே அந்நாவலின் கதை. முடிவில் அழிவது அவனும் அவன் கப்பலுமே. மனிதனின் பகைமையே அவனை விழுங்குகின்றது என்று வாசகர் உணர்வர்.

அதே காலத்தில் மலைநாட்டில் நடந்ததும் இதனின் வேறன்று. கடலிற் பேருயிர் திமிங்கலம். நிலத்திற் பேருயிர் யானை. மேஜர் றொஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரி ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகப் பெயர் பெற்றவர். 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்ட அவருடைய கல்லறை நுவரெலியாவில் உள்ளது. நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் தம் வேட்டை அனுபவங்களை 1854ஆம் ஆண்டில் நூலாக்கினார். ஒருகாலத்தில் ஹோட்டன் சமவெளியில் உலவிய யானைக் கூட்டம் இன்று இல்லை. காடு தோட்டமாயிற்று, யானை வேட்டைப் பொருளாயிற்று, திமிங்கலம் எண்ணெயாயிற்று. லூல்கந்துரையில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்ட அதே காலப்பகுதியிலேதான் நோர்வே நாட்டவரான ஸ்வெண்ட் பொய்ன் வெடிகுண்டு பொருத்திய ஈட்டிப் பீரங்கியைச் செம்மைப்படுத்தினார். அதுவரை விரைந்து நீந்தித் தப்பிய நீலத் திமிங்கலத்துக்கு அன்றுமுதல் தப்ப வழியில்லாது போயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் நடந்ததை வேட்டை என்று கூறுதலும் பொருந்தாது. கடலிலேயே உடலை வெட்டி உருக்கும் தொழிற்சாலைக் கப்பல்கள் தோன்றின. அவ்வெண்ணெய் சவர்க்காரமும் மாஜரினும் ஆயிற்று. 1930ஆம் ஆண்டிலிருந்து 1931ஆம் ஆண்டு வரையான ஒரு பருவத்தில் மட்டும் அண்டார்ட்டிக்கக் கடலில் ஏறத்தாழ 29,000 நீலத் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன. அந்நூற்றாண்டு முழுவதிலும் கொல்லப்பட்ட எல்லா வகைத் திமிங்கலங்களின் தொகை ஏறத்தாழ 29 இலட்சம். பார்குத் சிற்பி கல்லிலே செதுக்கிய விழுங்கும் வாய் இவ்வாறு உண்மையாயிற்று. ஆனால் அவ்வாய் திமிங்கலத்தினுடையதன்று.

இக்கொலைக்காலத்திலே இலங்கையில் வேறொரு பணி அமைதியாக நடந்து வந்தது. 1894ஆம் ஆண்டில் அம்பலாங்கொடையிற் கரையொதுங்கிய நீலத் திமிங்கலத்தின் எலும்புக்கூடு கொழும்பு நூதனசாலைக்குக் கொண்டுவரப்பட்டது. சுற்றுலாவாக அங்கு சென்ற மலைநாட்டு மாணவர் பலர் அதன் கீழ் நின்று வியந்திருப்பர். நூதனசாலையின் பணிப்பாளராக 1939ஆம் ஆண்டு முதல் 1963ஆம் ஆண்டு வரை விளங்கிய கலாநிதி போல் தெரணியகல, இலங்கைக் கரைகளில் ஒதுங்கிய கடல் விலங்குகளை அயராது பதிவு செய்தார். 1963ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் திகதி இரத்மலானைக் கரையில் அலகுடைய சிறு திமிங்கலம் ஒன்று ஒதுங்கியது. இதுவரை அறியப்படாத இனம் இது என்று தெரணியகல கண்டு, கூர்மையான அலகு என்னும் பொருள்படச் சிங்களச் சொல்லாலேயே 'ஹோட்டவுல' என்று அதற்குப் பெயரிட்டார். பிற நாட்டு அறிஞர் அதனை ஏற்கவில்லை. முன்னரே அறியப்பட்ட இனமே அது என்று ஒதுக்கிவிட்டனர். ஐம்பத்தோராண்டு கழிந்து, 2014ஆம் ஆண்டில், மரபணு ஆராய்ச்சி தெரணியகலவின் கூற்றே சரியென நிலைநாட்டிற்று. அப்போது அவர் உயிரோடில்லை. கரையில் ஒதுங்கிய ஓருடலைப் பொறுமையாக நோக்கி, கண்டதை எழுதிவைத்தவரின் சொல்லைக் காலம் காப்பாற்றியது.

அவர் அவ்விலங்குக்குப் பெயரிட்ட அதே 1960ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலே, சோவியத் வேட்டைக் கப்பல்கள் வட இந்து சமுத்திரத்தில் 1,294 நீலத் திமிங்கலங்களைக் கொன்றன. அச்செய்தி அப்போது மறைக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டுகளில் ரஷ்ய அறிஞரே உண்மைக் கணக்கை வெளியிட்ட பின்னர்தான் உலகம் அதனை அறிந்தது. கரையிலே ஒருவர் ஓருடலை அளந்து பெயர் சூட்டுகின்றார். தொடுவானத்துக்கு அப்பால் ஆயிரம் உடல்கள் பெயரின்றி எண்ணெயாகின்றன. அறிவும் அழிவும் ஒரே கடலில், ஒரே ஆண்டுகளில் இயங்கின.

இலக்கியமும் வாளாவிருக்கவில்லை. 1956ஆம் ஆண்டு முதல் இலங்கையைத் தம் இருப்பிடமாகக் கொண்ட எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், 1957ஆம் ஆண்டில் 'ஆழ்கடற் பரப்பு' என்னும் பொருள்பட்ட தலைப்புடன் விஞ்ஞான நாவலொன்றை வெளியிட்டார். எதிர்கால மனிதர் கால்நடைகளைப் போலத் திமிங்கலங்களை மேய்த்து உணவுக்காகக் கொல்கின்றனர் என்பது அதன் அடிப்படை. அக்கொலையை நிறுத்தும்படி இயக்கம் நடத்துபவர் பௌத்த மகாதேரர் ஒருவர். கொல்லாமை என்னும் பழைய அறம் விஞ்ஞான நாவலுக்குள் இலங்கையின் வழியே நுழைந்தது. திமிங்கலத்தைக் கொல்லாதிருத்தல் என்பது உலக நாடுகளின் முறையான கொள்கையாவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இதனை அவர் எழுதினார் என்பது கருதத்தக்கது.

1966ஆம் ஆண்டில் நீலத் திமிங்கலம் முழுப் பாதுகாப்புப் பெற்றது. 1979ஆம் ஆண்டில், சீசெல்சு நாட்டின் முயற்சியால், இந்து சமுத்திரம் திமிங்கலங்களின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1986ஆம் ஆண்டு முதல் வாணிக வேட்டைக்குப் பொதுத் தடை நடைமுறைக்கு வந்தது. சரணாலயம் அறிவிக்கப்பட்டதன் பயனாக, 1982ஆம் ஆண்டு தொடங்கி 'துலிப்' என்னும் சிறு பாய்க்கப்பலில் ஆராய்ச்சியாளர் இக்கடலுக்கு வந்தனர். கொல்லாமல், உயிரோடு உலவும் திமிங்கலத்தைப் பின்தொடர்ந்து கற்பதே அவர்கள் நோக்கம். 1983ஆம் ஆண்டில் திருகோணமலைக்கு அண்மையில், கரையிலிருந்து காணத்தக்க தொலைவிலேயே, நீலத் திமிங்கலங்கள் உலவுவதை அவர்கள் பதிவு செய்தனர். அவ்வாண்டிலேயே நாட்டில் மூண்ட கொடுமையும் அதனைத் தொடர்ந்த போரும் அக்கடலை ஆராய்ச்சிக்கும் பயணத்துக்கும் அடைத்துவிட்டன. 2009ஆம் ஆண்டின் பின்னரே அங்கு அமைதியாகச் சென்று பார்க்க முடிந்தது.

இதற்கிடையில் தென்கரையிலே இலங்கைப் பெண் விஞ்ஞானியான ஆஷா டி வொஸ் இவ்விலங்கைத் தம் வாழ்நாள் ஆய்வாக ஏற்றார். ஏனைய பெருங்கடல்களின் நீலத் திமிங்கலங்கள் குளிர்கடலில் உண்டு, வெப்பக் கடலுக்குக் குட்டி ஈன வருவன. இக்கடலிலுள்ளனவோ ஆண்டு முழுதும் வெப்பக் கடலிலேயே தங்கி உண்டு வாழ்வன என்பது தெளிவாயிற்று. அவை இந்நாட்டுக்கு வந்துபோகும் விருந்தினர் அல்ல, இக்கடலின் குடிகள்.

ஈட்டி ஓய்ந்தது, ஆனால் ஆபத்து ஓயவில்லை. தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே உலகின் நெருக்கமான கப்பற் பாதைகளுள் ஒன்று செல்கின்றது. 2012ஆம் ஆண்டிலே கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்த கொள்கலக் கப்பலொன்றின் முன்முனையில் நீலத் திமிங்கலமொன்று இறந்து தொங்கிக்கொண்டிருந்தது. மோதியதைக் கப்பலோட்டிகள் உணர்ந்திருக்கவும் மாட்டார்கள். மலைநாட்டார் கிள்ளிய கொழுந்து தேயிலையாகி உலகச் சந்தைக்குச் செல்வதும் இத்தகைய கப்பல்களிலேதான். 2022ஆம் ஆண்டில் உலகின் மிகப் பெரிய கொள்கலக் கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தென்திசையில் 15 கடல்மைல் விலகிச் செல்லுமாறு பணித்தது. ஒரு சிறு வளைவு, சிறிது எரிபொருட் செலவு. அதனாற் காப்பாற்றப்படுவதோ மனிதன் திரும்ப உண்டாக்க இயலாத ஓருயிர். இவ்வளவு எளிய தீர்வு எல்லாக் கப்பல்களுக்கும் விதியாதல் வேண்டும் என்பதே அறிஞர் கோரிக்கை.

சட்டமும் நிறுவனமும் செய்வது ஒருபுறமிருக்க, பொதுமக்கள் செய்வதற்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1973ஆம் ஆண்டு ஜனவரியில், மலைநாட்டார் பலரின் முன்னோர் கப்பலேறிய தூத்துக்குடிக்குத் தெற்கே, மணப்பாட்டுக் கரையில் 147 சிறு திமிங்கலங்கள் கூட்டமாக ஒதுங்கி மடிந்தன. 2016ஆம் ஆண்டில் அதே கரைப் பகுதியில் மீண்டும் 81 ஒதுங்கின. மீனவர் கடலுக்குள் இழுத்துவிட முயன்றும் பல இறந்தன. ஒன்றையொன்று பிரியாது வாழும் இயல்புடையவை ஆதலின், வழிதவறிய ஒன்றைத் தொடர்ந்து அனைத்தும் கரைக்கு வந்துவிடுகின்றன. 2020ஆம் ஆண்டு நவம்பரில், இலங்கையிற் பாணந்துறைக் கரையிலும் அவ்வாறே நூற்றுக்கு மேற்பட்டவை ஒதுங்கின. பெருந்தொற்றின் காரணமாக ஊரடங்கு நிலவிய நேரம் அது. கடற்படையினரும் கரையோரக் காவற்படையினரும் ஊர் மக்களும் இரவு முழுவதும் நெஞ்சளவு நீரில் நின்று அவற்றை ஒவ்வொன்றாக ஆழத்துக்குத் தள்ளினர். சில இறந்தன, பெரும்பாலானவை மீண்டும் நீந்திச் சென்றன. பார்குத் சிற்பத்தில் மனிதர் திமிங்கலத்தின் வாயிலிருந்து மீட்கப்பட்டனர். பாணந்துறையிலே திமிங்கலங்கள் மனிதர் கையால் மீட்கப்பட்டன. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் இவ்விரு காட்சிகளுக்கும் இடையே கழிந்துள்ளன.

கடலோரத்தார் கையால் மீட்டனர். மலையிலிருப்பார் செய்யத்தக்கது யாது? மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பகுதிகளின் நீர் களனியாகிக் கொழும்பை அடுத்துக் கடல் சேருகின்றது. அக்கரப்பத்தனையின் நீர் மகாவலியாகிக் கொட்டியாரக் குடாவைச் சேருகின்றது. வழியில் எத்தனை அணைகள் தடுத்தாலும் மலையில் எறியப்படும் பிளாத்திக்கும், சரிவிலிருந்து கழுவப்படும் மண்ணும், பயிருக்கு இடும் நஞ்சும் ஓரளவேனும் அவ்வழியே இறங்குகின்றன. ஓடையைக் குப்பைத்தொட்டியாக்காத லயமும், சரிவில் மரம் நிறுத்தி மண்ணைக் காக்கும் தோட்டமும், ஆற்றின் மறுமுனையில் யார் வாழ்கின்றார் என்று கற்பிக்கும் பாடசாலையும் கடலைக் காணாமலே கடலுக்குத் தொண்டு செய்கின்றன. நம் முன்னோர் அவ்விலங்குக்கு விழுங்கி என்று பெயரிட்டனர். அப்பெயரை மாற்ற எவராலும் இயலாது, மாற்றவும் வேண்டியதில்லை. ஆனால் அப்பெயருக்கு உரியவர் யார் என்பதை வருங்காலத் தலைமுறை தீர்மானிக்கும். அத்தீர்ப்புக்கான சான்று மலைநாட்டு ஓடைகளிலும் இருக்கும்.